ஒரே இதயம், மூன்று எண்கள்

என் கணவர் ஓடினால் நூற்று இருபது. வீட்டுக் கூடத்தில் கிடக்கும் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தால் நூற்றுப் பதினாறு. சாலையில் சைக்கிள் ஓட்டினால் நூற்றிரண்டு. போன வருடம் முழுவதும் இந்த மூன்று எண்களோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். யாராவது "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டால் முதலில் வாய் வரைக்கும் எண்தான் வரும். அதை விழுங்கிவிட்டு, "நல்லா இருக்காரு" என்பேன்.

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. பாசிர் கூடாங் பக்கத்தில், கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் உற்பத்தி லைனில் நின்றேன். பிறகு குளிர்சாதன அறைக்குள் உட்கார வைத்தார்கள். முடி கனத்தை அளக்கிற கருவி உண்மை சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று பார்த்து, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், தப்பு என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒரே பொருளை மூன்று முறை அளந்து மூன்று எண் வந்தால் கருவியில் கோளாறு இருக்க வேண்டும், இல்லையென்றால் அளக்கிறவர் கையில் கோளாறு இருக்க வேண்டும். பொருள் என்ன பாவம் செய்தது? அது பாட்டுக்கு இருக்கிறது. இந்தப் புத்தியுள்ள ஒருத்தியோடு வாழ்வது சுலபம் இல்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

எண் என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்புத் திடலை ஆறு சுற்று ஓடிவிட்டு வந்தவர், போர்ச்சில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றவில்லை. அதுவே வழக்கத்துக்கு மாறு. நான் கவனித்திருக்க வேண்டும்.

"நெஞ்சுல காத்து அடைச்சிருக்கு போல" என்றார்.

எங்கள் ஊரில் எந்த வலிக்கும் முதல் சந்தேகம் காத்துமேல்தான். தலைவலித்தால் காத்து, இடுப்பு பிடித்தால் காத்து, பசி இல்லையென்றாலும் காத்து. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் இதையே அங்கின் என்பார்கள். அதனால் இது இரண்டு மொழியில் உறுதி செய்யப்பட்ட உண்மை. பச்சைத் தைலத்தை எடுத்து வந்து நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தேன். இஞ்சி தட்டிச் சுடுதண்ணீர் கொடுத்தேன். ஏப்பம் விடுங்கள் என்றேன். இரண்டு முறை விட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தீங்களா, இறங்குது" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் தேய்த்தேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் சாம்பல் நிறமாக மாறியது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். நான் மனசுக்குள் பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலது மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் வேறொரு டாக்டர் திரையில் அவருடைய இதயத்தைக் காட்டினார். துடிக்கிற இடத்தையெல்லாம் காட்டிவிட்டு, ஓர் ஓரத்தில் விரலை வைத்து, இந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் ரொம்ப நேரம் ஆகிவிட்டது, இது கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும் என்றார். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். அதை நான்தான் தினமும் முடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் எல்லை சொன்னார்கள். உடற்பயிற்சி கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் இப்போதைக்குத் துடிப்பு நூற்று இருபதைத் தாண்டக் கூடாது. இன்னும் நிறைய சொன்னார்கள். உப்பு, மாத்திரை, தூக்கம், கோபம். எனக்குக் காதில் விழுந்தது நூற்று இருபது மட்டும்தான். எல்லை சொல்லிவிட்டால் போதும், காவல் காப்பது என் தொழில்.

கோலாலம்பூரில் படிக்கும் எங்கள் மகள், பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் அப்பாவுக்குத் துடிப்பு பார்க்கும் கடிகாரம் வாங்கி அனுப்பினாள். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் கடிகாரத்தை வலது கையில் கட்டுவார். அவர் கையில் துடிப்பதை என் கைப்பேசியிலும் பார்க்கிற மாதிரி மகளே ஏற்பாடு செய்து கொடுத்தாள்.

"அம்மா, இது சும்மா பாக்கத்தான். எதுக்கெடுத்தாலும் அப்பாவுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்காதீங்க" என்றாள்.

முதல் வாரத்திலேயே ஒன்பது முறை போன் போட்டேன். அவர் ஒரு கிடங்கில் சரக்குப் பொறுப்பாளர். அங்கே மாடிப்படி ஏறினால் எனக்கு இங்கே எண் ஏறும். நான் அளவுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பேன்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"நின்னுக்கிட்டு இருக்கேன்."

"நின்னா ஏன் தொண்ணூத்தாறு?"

"அலமாக், நீ போன் பண்ணினதால லா!"

மூன்று மாதம் நடந்தார். பிறகு மெதுவாக ஓடலாமா என்று கேட்டார். பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், பள்ளி நாளிலிருந்து ஓடுகிறவர். பள்ளிப் போட்டியில் ஜெயித்த நீல நிறச் சாப்பாட்டு டப்பா ஒன்றை மூடி தொலைந்த பிறகும் வைத்திருக்கிறார். அதில் இப்போது என் பின்னூசிகள் கிடக்கின்றன. ஓட்டம் இல்லாமல் அவருக்குக் கை கால் சும்மா இருக்காது. வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார். ஒரே வீட்டில் நிம்மதி இல்லாத இரண்டு பேர். அவர் நடக்கிறதைப் பார்த்து நான் எரிந்து விழுவேன், நான் கைப்பேசியைப் பார்க்கிறதைப் பார்த்து அவர் எரிந்து விழுவார்.

டாக்டர் சரி என்றதால் ஓட விட்டேன். திடலின் ஓரத்தில் நின்று கைப்பேசியைப் பிடித்துக்கொண்டேன். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட, தாத்தாக்கள்கூட முந்திப் போகிற ஓட்டம். அதற்கே ஐந்து நிமிடத்தில் நூற்று இருபது வந்துவிட்டது. துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிட்டும் இப்படி. "நில்லுங்க!" என்று கத்தினேன். திடலில் இருந்த எல்லாரும் நின்றார்கள், அவரைத் தவிர.

அன்றோடு ஓட்டத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமே என்று, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு சீனத்து அம்மாவிடம் உடற்பயிற்சி சைக்கிளை வாங்கிவந்து தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்தேன். அவர் அதற்கு வைத்த பெயர் 'எங்கயும் போவாத சைக்கிள்'. இருபது நிமிடம் மிதித்தால் தரை ஓடெல்லாம் வியர்வை. எண் நூற்றுப் பதினாறு. எல்லைக்கு நாலுதான் மிச்சம். மின்விசிறியை அவருக்கு நேராக வைத்துப் பார்த்தேன், நூற்றுப் பதினொன்றுக்கு இறங்கியது. நிறுத்திப் பார்த்தேன், மறுபடி ஏறியது. மூன்று நாள் இப்படியே விசிறியைப் போட்டு, நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, மூடிப் பார்த்தேன். ஒருநாள் அவர் சைக்கிளைவிட்டு இறங்கி, "நான் என்ன உன் ஃபேக்டரி சாமானா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அந்தக் கேள்வி எனக்கு உறைக்கவில்லை. விசிறியை இன்னும் ஓர் அடி கிட்டே நகர்த்தினால் என்ன ஆகும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருடைய பழைய சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, கொங் கொங் என்ற ஊருக்குப் போகிற சாலையில் ஓட்டத் தொடங்கினார். எனக்குச் சம்மதமே இல்லை. லாரி வரும், நாய் வரும், வழியில் விழுந்தால் இரண்டு பக்கமும் ஆளில்லாத செம்பனைத் தோட்டம்தான். முதல் நாள் சமையலறை மேசையில், அரிசி டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூற்று நான்கு. நூற்றிரண்டு. தொண்ணூற்றொன்பது. நூற்றிரண்டு. நான் ஒரு தட்டு காய்கறி நறுக்கி முடிக்கும்வரை நூற்றைந்தைத் தாண்டவில்லை. அந்த ஞாயிறு முடிந்து நாலைந்து மாதமாக எனக்கு வராத பசி அன்று வந்தது.

வந்ததும் விசாரித்தேன். வீட்டுச் சைக்கிளைவிட மெதுவாக மிதித்தாரா? இல்லையாம். அதே அளவு கஷ்டம்தானாம்.

"அப்ப எப்படிக் கொறையும்?"

"காத்து மூஞ்சில படுது லா. அதான்."

காற்று என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். ஆனாலும் விசிறி விஷயத்தில் நானே பார்த்தது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த எண் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த எண்ணை யாரும் இரண்டாம் முறை சோதிப்பதில்லை. தொழிற்சாலையில் இதை நான் எத்தனை பேரிடம் கண்டுபிடித்திருக்கிறேன்! பாகம் நல்லது என்று காட்டுகிற கருவியை ஒருவரும் என் அறைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

முதலில் ஐந்து கிலோமீட்டர் என்று அளந்து விட்டேன். பிறகு பத்து. பிறகு கடல் தெரிகிற இடம்வரை போய் வரலாம் என்று நானே சொன்னேன். வழியில் சாலை ஏறி இறங்கும், ஏற்றத்தில்கூட எண் நூற்றேழுக்குமேல் போகவில்லை. "கொஞ்சம் வேகமாகூட மிதிக்கலாம், எடம் இருக்கு" என்று ஊக்கப்படுத்தினேன். மறுபடி ஓடட்டுமா என்று அவர் கேட்டபோது சண்டை வந்தது. ஓட்டத்தில் நூற்று இருபது, சைக்கிளில் நூற்றிரண்டு, எது நல்லது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றேன்.

"ரெண்டுலயும் நான்தானே இருக்கேன்" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

இப்படி ஆறேழு மாதம் போனது. இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்த பயிற்சியாளர் ஒரு மலாய்ப் பெண், முப்பது வயது இருக்கும், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. என் கணவரின் சட்டையைத் தூக்கச் சொல்லி நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினாள். அங்கேயிருந்த சைக்கிளில் ஏற்றி, குனிந்து கைப்பிடியைப் பிடித்து, சாலையில் ஓட்டுகிற மாதிரியே ஓட்டச் சொன்னாள். நான் பழக்க தோஷத்தில் அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் தன் திரையைப் பார்த்துவிட்டு, நூற்றுப் பத்தொன்பது, கொஞ்சம் மெதுவாக என்றாள்.

"உங்கள் பட்டை சரியில்லை" என்று நான் மலாயில் சொன்னேன். அப்படியே சொன்னேன், வெட்கம் இல்லாமல். என் வேலை என்ன என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். விரலும் பட்டையும் ஒரே எண்ணைச் சொன்னன. பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். கடிகாரத்தைக் கொஞ்சம் தூக்கினாள்.

"அக்கா, இது என்ன?"

கயிறு. நான் கட்டிய கயிறு. அவர் மருத்துவமனையிலிருந்து வந்த அன்று முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டு, பூசாரியிடம் மந்திரித்து வாங்கி, ஆண்களுக்கு வலது கையில்தானே கட்ட வேண்டும் என்று, கம்பி விட்ட ஊசித் தழும்புக்கு மேலேயே பார்த்துக் கட்டிய மஞ்சள் கயிறு. தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது. அவிழ்ந்துவிடக் கூடாதே என்று மூன்று முடிச்சுப் போட்டிருந்தேன். அந்த முடிச்சுதான் கடிகாரத்துக்கு அடியில் கல் மாதிரி நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும்போது கடிகாரம் முடிச்சுக்கு மேலே ஒதுங்கிக்கொள்கிறது. ஓடும்போது அவர் வாரை இறுக்கி மேலே ஏற்றிக்கொள்வார். சாலைச் சைக்கிளில் குனிந்து மணிக்கட்டை வளைத்துப் பிடிக்கும்போது மட்டும் கடிகாரம் சறுக்கி, முடிச்சின்மேல் ஏறி உட்கார்ந்து, தோலை விட்டு எழும்பிவிடுகிறது. தோலைத் தொடாத கடிகாரம் என்னத்தைப் பார்க்கும்? வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கிறது.

நான் ஒரு நாளைக்கு அறுபது கருவிகளைக் கையில் எடுக்கிறேன். எடுத்ததும் முதல் வேலை, அடியில் தூசி இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பது. அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. என் வீட்டு மனிதரின் கையை மட்டும் நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எண் தெரிந்ததால் கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து, "தாப்பா, காக்" என்றாள், பரவாயில்லை அக்கா என்று. கடிகாரத்தைக் கழற்றி இடது கைக்கு மாற்றிக் கட்டினாள். கயிற்றைத் தொடவில்லை. பிறகு எனக்காகவே நிதானமாக விளக்கினாள். ஓடும்போது உடம்பின் மொத்தக் கனத்தையும் காலே தூக்க வேண்டும், கையும் வீச வேண்டும், அதனால் இதயம் கூட வேலை செய்யும். சைக்கிளில் கனத்தை இருக்கை தாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் மிதித்தால் காற்று இல்லை, வியர்வை காயாது, சூட்டை வெளியே தள்ளவே இதயம் தனியாக உழைக்க வேண்டும். சாலையில் காற்று உண்டு, இறக்கத்தில் மிதிக்காமலும் போகலாம், ஆனால் ஏற்றம் வந்தால் குபீரென்று ஏறும். மூன்று எண் வருவது இயல்புதான், அக்கா, இதயத்தில் கோளாறு என்று அர்த்தம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற அளவுக்குச் சாலையில் குறையாது.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் கடல் தெரிகிற இடத்துக்குப் போகிற ஏற்றங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எடம் இருக்கு, வேகமா மிதிங்க. அங்கே உண்மையில் என்ன எண் இருந்திருக்கும்? நூற்று முப்பதா, நூற்று நாற்பதா? முதல் தடவை தைலம் தேய்த்தே பாதி கொன்றேன், இரண்டாம் தடவை கயிறு கட்டி மீதியையும் கொல்லப் பார்த்தேன் என்று தோன்றியது. கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவல லா, நான் இங்கதானே நிக்கிறேன்" என்றார். எதற்கும் கடைசியில் ஒரு லா போட்டால் அவருக்கு எல்லாம் சரியாகிவிடும்.

அந்தப் பெண் கடைசியாக இன்னொன்றும் சொல்லியிருந்தாள். எண்ணை விடுங்கள் அக்கா, ஓட்டும்போது சாதாரணமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் பயம் இல்லை. பேச்சு அறுந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

எண்ணை விடுகிற ஆளா நான்! நெஞ்சுப் பட்டையை நானும் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. கடிகாரத்தின் எண் எங்கே இருந்தாலும் வரும், பட்டையின் எண் பத்து மீட்டருக்குள் இருக்கிற கைப்பேசிக்கு மட்டும்தான் வரும். வீட்டில் அரிசி டப்பா முன்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. வேண்டுமென்றால் நான்தான் அவர் பின்னாலேயே போக வேண்டும். மகள் விட்டுப்போன சைக்கிளுக்குக் காற்றடித்து, கைப்பிடியில் கைப்பேசியை ரப்பர் வளையத்தால் கட்டி, நாற்பத்தாறு வயதில் கொங் கொங் சாலைக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர், "ரெண்டு பேரும் டேட்டிங்கா?" என்றார். பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. என் வீட்டுக்காரர் ஏழு மீட்டர் முன்னால் போய்விட்டார்.

காலை எட்டு மணி. சனிக்கிழமை என்பதால் லாரி குறைவு. எண் நூற்று எட்டு, நூற்றுப் பத்து. சின்ன ஏற்றத்தில் நூற்றுப் பதினேழு. இறக்கத்தில் நூற்று நான்கு. அந்தப் பெண் சொன்ன மாதிரியேதான் ஏறி இறங்கியது. நான் கொஞ்சம் பின்தங்கினால் எண் மறைந்து இரண்டு கோடு வரும். எனக்குப் பகீரென்று ஆகும், எழுந்து நின்று மிதித்துப் பிடிப்பேன்.

"பேசிக்கிட்டே போங்க!" என்று கத்தினேன்.

"என்ன பேச?"

"எதையாச்சும் பேசுங்க. நிறுத்தாதீங்க."

அவர் பேசுகிறவர் இல்லை. கல்யாணமான புதிதில் வாரத்துக்கு நாலு வாக்கியம் என்று நான் கேலி செய்ததுண்டு. ஆனாலும் சொன்னதைச் செய்தார். தலையைத் திருப்பாமல், சாலையைப் பார்த்துக்கொண்டே, கிடங்கில் புதிதாக வந்த ஃபோர்க்லிஃப்ட் சத்தமே போடாததைப் பற்றிச் சொன்னார். மேனேஜர் முடிக்குச் சாயம் அடித்ததைச் சொன்னார். டுரியான் இந்த வருடம் முன்கூட்டியே வந்துவிட்டதைச் சொன்னார். லாபிஸில் இருக்கும் அவர் தம்பி வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னார். நான் "ம்" போடக்கூட மூச்சில்லாமல் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இதயம் சரியில்லாதவர் நான்தான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். நூற்றுப் பத்து. நூற்று ஒன்பது. பேச்சு அறுபடவே இல்லை, எனக்கு மெதுவாக நிம்மதி வந்தது. பிறகு அவர் அமைதியானார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க!"

"எல்லாம் முடிஞ்சு போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"யோசிச்சுப் பேசுங்க!"

சாலையில் இருந்த ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைத்து ஓட்டினார். பிறகு, கூரை ஒழுகுவதைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"அன்னிக்கு அது காத்து இல்லன்னு எனக்குத் தெரியும்."

நான் பிரேக் பிடித்ததை நானே உணரவில்லை. கால் தரையில் இருந்தது. அவர் போய்க்கொண்டே இருந்தார். கைப்பேசியில் இரண்டு கோடு வந்தது. இந்த முறை நான் மிதித்துப் பிடிக்கவில்லை. அவர் வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தார், வளைந்து வந்தார். அவர் என் பக்கத்தில் வந்து நிற்பதற்கு முன்னாலேயே எண் வந்துவிட்டது. நூற்றுப் பதினொன்று.

"தெரிஞ்சு ஏன் காத்துன்னு சொன்னீங்க?"

ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "திடல்லயே கையெல்லாம் இழுத்துச்சு. இது அதுதான்னு தெரிஞ்சிருச்சு. வீட்டுக்கு வந்து உன்னைப் பாத்ததும் வாயில காத்துன்னு வந்துருச்சு. நீயும் உடனே தைலம் எடுத்துட்டு வந்தியா, நீ அவ்ளோ நம்பிக்கையா தேய்ச்சியா, ஒருவேளை காத்துதானோன்னு நானே நினைச்சிக்கிட்டேன். ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டா அது நெசமாயிரும்னு பயம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வருடம். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தை ஒரு வருடம் நான் சுமந்தேன். பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று சுமந்திருக்க வேண்டியதை நான் ஒருத்தியே சுமந்தேன். சைக்கிளைத் தூக்கிச் செம்பனைக்குள் எறிந்துவிடலாம்போல் இருந்தது.

"ஒரு வருஷமா ஏன் சொல்லல? நான் தினமும் செத்துக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீ கேக்கல" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. "நீ நம்பரத்தான் கேட்ட."

என்ன செய்வது என்று தெரியாமல் பழக்கத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று இருபத்தொன்று ஆனது, நூற்று இருபத்தாறு ஆனது. அவர் ஓடவில்லை, மிதிக்கவில்லை, ஏற்றமும் இல்லை, முகத்தில் காற்று படத்தான் செய்தது. சும்மா ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நூற்று இருபத்தொன்பது.

நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தேன். கயிறு இருந்த கை.

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டேன்.

அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா" என்றார். "ரொம்ப வலிச்சுது."